கெட்டியான சிலிகோனுக்குள் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன?

சரி, அடுத்த கேள்வி. "சிலிகோன் எண்ணெய் 1,000 சென்டிஸ்டோக்கிலும் (கெட்டித்தன்மையின் அலகு) கிடைக்கிறது, 60,000-லும் கிடைக்கிறது. அறுபது மடங்கு கெட்டி என்றால், அதில் கரைந்திருக்கும் மூலக்கூறும் அறுபது மடங்கு மெதுவாகத்தானே நகரும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

திரவம் எத்தனை மடங்கு கெட்டியோ, அத்தனை மடங்கு மெதுவாக மூலக்கூறு நகரும் என்கிற ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டீன் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் அந்த விடைதான் வரும். ஆனால் இங்கே அது எடுபடாது. இரண்டு எண்ணெயும் ஒரே சரக்கு, அதன் மூலக்கூறுச் சங்கிலியின் நீளம்தான் வேறு. நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் ஊற்றும்போது எண்ணெய் மெல்ல இறங்குகிறது. ஆனால் ஆக்சிஜன் மாதிரி குட்டி மூலக்கூறுக்கு முழுச் சங்கிலியும் நகர வேண்டாம். பக்கத்தில் நாலைந்து கண்ணிகள் விலகினால் போதும்.

திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் கைகோத்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். வரிசை நகராது. ஆனால் ஆளாளுக்குக் கால் மாற்றி நிற்பார்கள், திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடுக்கில் ஒரு பொடியன் புகுந்து புகுந்து போய்விடுவான். வரிசையில் நூறு பேரா, ஆயிரம் பேரா என்பது அவனுக்கு எதற்கு?

சிலிகோன் சங்கிலி இந்த நெளிவில் படு கெட்டிக்காரன். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு லேசாகத் திரும்பும், வளையும். அது கண்ணாடி போல் இறுகச் சுமார் மைனஸ் 125 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி ரப்பர். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் சிலிகோன் ஓடவே ஓடாது, பாகுநிலை, அதாவது அந்தக் கெட்டித்தன்மை, முடிவிலிதான். அப்படியானால் உள்ளே ஆக்சிஜனும் நின்றுவிட வேண்டுமே? நிற்பதில்லை. அதன் விரவல் எண், அதாவது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு, தண்ணீரில் நொடிக்குச் சுமார் 2×10⁻⁹ சதுர மீட்டர். சிலிகோன் ரப்பரில் சுமார் 3×10⁻⁹. தண்ணீரைவிட ஒரு படி மேல்! 1 மில்லிமீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு அரை மணி நேரம் என்று நினைக்காதீர்கள், நாலரை மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

அப்புறம், நீளம் பொருட்டே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மிகக் குட்டைச் சங்கிலிகளில் நுனிகள் அதிகம், நுனி தாராளமாக ஆடும், அதனால் அங்கே வேகம் கூடுதல். ஒரு நீளத்துக்கு மேல் வேகம் அநேகமாக மாறாது. கரைந்திருப்பது பெரிய சாய மூலக்கூறு என்றால் வழிவிட நிறையக் கண்ணிகள் சேர்ந்து விலக வேண்டும். அது மெதுவாகத்தான் போகும். சிக்கல்களுக்கு இடையே உள்ள சில நானோமீட்டர் இடைவெளியைவிடப் பெரிய துகள் என்றால், அங்கே உங்கள் கணக்கு சரியாகிவிடும்.

எங்கள் வீட்டுச் சிலிகோன் கரண்டி சாம்பாரில் மஞ்சளானது இப்படித்தான். சாயம் உள்ளே இறங்கிவிட்டது, மேலே தேய்த்துப் பிரயோஜனமில்லை. வெயிலில் போட்டுவிட்டேன், வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுக்கும்.