காசாபிளாங்காவில் எழுதாக் கணக்கு

('உலக நகரங்கள்' வரிசையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இந்த வரிசையை ஒரு மாதம்கூட விடாமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மா அவர்களே, அலுவலக வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தொழிலாளர் நல அலுவலர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்துச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். சகோதரிகளை முன்வரிசையில் உட்காரவைத்த செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

மொராக்கோவின் காசாபிளாங்கா நகரத்து அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போக்குவரத்து, வேலை, குடியிருப்பு, சந்தை என்று நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் போக்குவரத்து. 30 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம் அது. தெருவெல்லாம் சிவப்பு நிறச் சின்ன டாக்சிகள். மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும், அதே திசையில் போகிறவர் கை காட்டினால் ஓட்டுநர் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். யாரும் முகம் சுளிப்பதில்லை. 2012 டிசம்பர் 12 அன்று டிராம் வந்தது. 2019-இல் இரண்டாவது தடம், 2024-இல் மூன்றும் நான்கும். முதல் தடம் கிழக்கே சிதி மூமென் பகுதியையும் மேற்கே அய்ன் தியாப் கடற்கரையையும் இணைத்தது. சிதி மூமென் குடிசைகள் நிறைந்திருந்த இடம். கடற்கரைப் பக்கம் பணக்காரர்களின் பங்களாக்கள். காலை டிராமில் கிழக்கிலிருந்து மேற்கே போகும் பெண்களில் பலர் சமையலுக்கும் துணி துவைக்கவும் போகிறவர்கள். அவர்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நம்மூரில் ஒரு பழமொழி உண்டு: 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' சங்கக் கூட்டங்களில் நான் இதைச் சொல்லாத நாள் இல்லை என்று சகோதரிகளுக்குத் தெரியும். இன்றும் சொல்வேன்.

மாரிஃப் என்ற பகுதியில் தங்கியிருந்தேன். தெருமுனையில் ஒரு மளிகைக்கடை. அந்தக் கடைக்காரரை 'மூல் ஹானூத்' என்பார்கள். நகரத்தில் இப்படிப் பல கடைகளை நடத்துகிறவர்கள் தெற்கே சூஸ் பகுதியிலிருந்து வந்த அமாசிகர்கள், வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடி மக்கள். ஒரு முட்டை கேட்டால் ஒரு முட்டை கொடுப்பார்கள். நீலத் தாளில் சுற்றிய கூம்புச் சர்க்கரை, புதினாத் தேநீருக்கான சீனத்துப் பச்சைத் தேயிலை, ரொட்டி, எண்ணெய் எல்லாம் அங்கேதான். காசு உடனே வேண்டாம், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மாதம் முடிந்ததும் கணக்குத் தீர்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் தினமும் அந்த நோட்டோடு வருவார். ஐம்பது வயது இருக்கும். அவர் கதையைக் கடைக்காரரே எங்களுக்குச் சொன்னார். உடனிருந்த தோழி எனக்கு மொழிபெயர்த்தார். அந்த அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை என்று பேச்சு. ஆனால் ஞாயிறு காலை விருந்தாளி வருவார், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஏதாவது ஒன்று வரும். 'அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கிறேன்' என்பாராம் வீட்டுக்காரம்மா. மாதம் வந்தால், 'எத்தனை ஞாயிறு? எனக்கு நினைவில்லையே' என்பாராம். சண்டையும் போட முடியாது, வேலையையும் விட முடியாது.

ஒருநாள் சர்க்கரை வாங்க வந்தவர் கடைக்காரரிடம், 'ஐயா, நான் வாங்கும் ஒவ்வொரு முட்டையையும் எழுதுகிறீர்களே, என் ஞாயிற்றுக்கிழமையையும் எழுதுங்கள்' என்றிருக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார் கடைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கோடு. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கோட்டை எண்ணத் தெரியும். மாதக் கடைசியில் வீட்டுக்காரம்மாவே கணக்குத் தீர்க்க வந்தார். எண்ணெய், தேயிலை, ரொட்டி எல்லாம் கூட்டிக் காசை எடுத்தார். கடைக்காரர் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். 'இது என்ன பொருள்?' என்று கேட்டாராம். 'உங்கள் வீட்டில் வாங்கிய பொருள்தான் அம்மா, நான்கு ஞாயிறு' என்றாராம்.

கைதட்டுங்கள், அந்தக் கடைக்காரர் அதற்குத் தகுதியானவர். காசு கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறும் கிடைத்தது.

சரி, எல்லாத் தெருவிலும் அப்படி ஒரு கடைக்காரர் கிடைப்பாரா? சட்டம்தான் அந்த நோட்டாக இருக்க வேண்டும். மொராக்கோவில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 19-12 என்ற எண்ணுள்ள சட்டம் 2016-இல் நிறைவேறி, 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதன் பிரதி தொழிலாளர் ஆய்வாளரிடம் போக வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேர வேலை, தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு. அட்லஸ் மலைக் கிராமங்களிலிருந்து தரகர்கள் சிறுமிகளை அழைத்துவந்து விட்ட கொடுமைக்கும் இந்தச் சட்டத்தில் வரம்பு உண்டு: குறைந்தபட்ச வயது 18. 16 வயது நிரம்பியவர்களை வைத்துக்கொள்ளத் தந்த ஐந்தாண்டுச் சலுகையும் 2023 அக்டோபரில் முடிந்தது. 2020 முதல் சமூகப் பாதுகாப்பு நிதியில் பதிவும் கட்டாயம்.

குறை இல்லாமல் இல்லை. குறைந்தபட்சக் கூலி, தொழிற்சாலைத் தொழிலாளியின் குறைந்தபட்சத்தில் 60 விழுக்காடு போதும் என்கிறது சட்டம். வீட்டில் பெருக்கும் கைக்கு மட்டும் ஏன் நாற்பது குறைய வேண்டும்? இதை நான் எங்கும் எதிர்ப்பேன். அப்புறம், கதவு. 2008 ஏப்ரலில் காசாபிளாங்காவின் லிசாஸ்ஃபா பகுதியில் ஒரு மெத்தைத் தொழிற்சாலை எரிந்து 55 பேர் இறந்தார்கள். கதவுகள் பூட்டியிருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலைக் கதவையாவது ஆய்வாளர் தட்டலாம். வீட்டுக் கதவைத் தட்ட அவரால் ஆகாது. வெளியில் கூப்பிட்டு விசாரிக்கலாம், அவ்வளவுதான். அப்படி விசாரிக்கும்போது அந்தப் பெண்ணின் கையில் ஒரு தாள் இல்லை என்றால் என்ன நடக்கும்? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

குடியிருப்பு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2003 மே 16 அன்று காசாபிளாங்காவில் நடந்த குண்டுவெடிப்புகளில் ஈடுபட்ட இளைஞர்கள் சிதி மூமென் குடிசைகளிலிருந்து வந்தவர்கள். அதற்கு அடுத்த ஆண்டே குடிசையில்லா நகரங்கள் திட்டத்தை அரசு தொடங்கியது. அதை விரித்துப் பேச வேண்டும், தெர்ப் கல்லெஃப் சந்தையைப் பற்றியும் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவை இன்னொரு நாளைக்கு.

2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில், வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான 189-ஆவது உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதைக் கேட்டு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே மாதிரி ஒப்பந்தத் தாளும் இருக்கிறது: வேலை என்ன, நேரம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, விடுமுறை எந்த நாள். வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. எழுதத் தெரியாத சகோதரிகளுக்கு மாணவிகள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். மனுக்களைத் தானே வாங்கி மேலே அனுப்புவதாக அலுவலர் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கு மீண்டும் என் வணக்கம். எட்டரை மணி வரை மேசை இருக்கும். நன்றி.