கண்ணில் புற்றுநோய், மருந்து சொட்டு மட்டும்தானா?

கண்ணில் புற்றுநோய். கத்தி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சொட்டு மருந்து விட்டே கட்டி கரைந்து போகிறது. தலைப்பைப் பார்த்துக் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, உண்மையாகவே நடக்கிறது, ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தால்தான். அந்த "ஆரம்பம்" என்றால் என்ன என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் பெயர். கண் மேற்பரப்பு செதிள் செல் நியோபிளாசியா. சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள், அதனால் டாக்டர்களைப் போலவே ஓ.எஸ்.எஸ்.என். என்று வைத்துக்கொள்வோம்.

கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேல் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதன் மேலடுக்கை மாடி வீடாகவும் அடியில் இருக்கும் சதையைக் கீழ் வீடாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப நிலையில் கெட்டுப்போன செல்கள் மாடி முழுவதையும் பிடித்துக்கொண்டு ரகளை செய்யலாம், ஆனால் தரையை உடைத்திருக்காது. ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய் எல்லாம் கீழ் வீட்டில்தான், அதனால் உடலின் வேறு இடங்களுக்குக் கிளம்ப இவற்றுக்கு வழியில்லை. தரை உடைந்துவிட்டால் அது இதே நோயின் ஊடுருவிய நிலை, சிகிச்சையும் மாறும்.

சரி, இது பெரும்பாலும் எங்கே முளைக்கிறது தெரியுமா? கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் குடியிருக்கும் நாற்றங்கால் அதுதான். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள் இல்லையா? உங்கள் கருவிழியும் வளைந்த கண்ணாடிதான். காதுப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெயில் கருவிழிக்குள் நுழைந்து, வளைந்து, எதிரே மூக்குப்பக்க விளிம்பில் போய்க் குவிகிறது, அதுவும் 20 மடங்கு வரை! கூத்து என்னவென்றால், வெளியே இருந்து வரும் வெயிலை மேலடுக்குச் செல்கள் கொஞ்சமாவது தடுக்கும், இந்த ஒளியோ உள்பக்கமாக வந்து மூலச் செல்களை முதுகில் அடிக்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதைச் சதை வளர்ச்சி (வெள்ளையிலிருந்து கருவிழி மேல் படரும், புற்றுநோய் அல்லாத சதை) ஏன் மூக்குப்பக்கமே வருகிறது என்பதற்காகத்தான் விளக்கினார், ஆனால் ஓ.எஸ்.எஸ்.என்.னிலும் முக்கியக் குற்றவாளி அதே புற ஊதாக் கதிர்தான். ஆகவே பக்கவாட்டில் திறந்து கிடக்கும் ஸ்டைலான கூலிங் கிளாஸ் என் கண்ணுக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த வீடுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெயில் தவிர எச்.ஐ.வி., மரு உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள், புகைபிடித்தல் இவையும் பட்டியலில் உண்டு.

பார்க்க எப்படி இருக்கும்? ஜெல்லி மாதிரி மேடு, அல்லது வெள்ளைப் பொருக்கு, அல்லது சிவப்புப் புள்ளிகள் நிறைந்த சொரசொரப்பு, பக்கத்தில் தடித்த ரத்தக்குழாய்கள். வலி பெரும்பாலும் இருக்காது. சாதாரணச் சதை வளர்ச்சி மாதிரியே வேடம் போடும், அதனால் அப்படி நினைத்து வெட்டியெடுத்த சதையையும் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஒளியை வைத்துக் கண்ணின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் ஊசிகூட இல்லாமல் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: மேலடுக்கு தடித்துப் பளிச்சென்று தெரியும், நல்ல பகுதி தொடங்கும் இடம் கோடு போட்ட மாதிரி சட்டென்று மாறும்.

சிகிச்சைக்கு வருவோம். வெட்டுவதென்றால் கட்டியைத் தொடாமல், சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்தெடுத்து, ஓரங்களை உறையவைப்பார்கள். சொட்டு மருந்து மூன்று: 5-எஃப்.யு., மைட்டோமைசின், இன்டர்ஃபெரான். கத்தி கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும்தான் எடுக்கும், சொட்டோ கண் பரப்பு முழுக்க ஓடித் தெரியாத செல்களையும் தேடிப் பிடிக்கும். முதல் இரண்டும் கீமோதெரபி மருந்துகள், கண் சிவக்கும், எரியும், அதனால்தான் நடுவில் இடைவெளி விட்டுத் தருவார்கள். இன்டர்ஃபெரான் சாது, ஆனால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் விட வேண்டும். தயவுசெய்து நீங்களாக வாங்கி விட்டுப் பார்க்காதீர்கள். போனது திரும்பியும் வரலாம் என்பதால் பல வருடங்களுக்குப் பரிசோதனை தொடரும்.

வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யுங்கள்: இரண்டு வருடத்துக்கு முந்தைய செல்ஃபியில் உங்கள் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள், அப்புறம் கண்ணாடியில் பாருங்கள். அப்போது இல்லாத மேடு இப்போது இருந்தால், அல்லது இருந்தது பெரிதாகியிருந்தால், அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள்.