ஐந்நூறு பவுண் எதற்கு?

தலைவர் அவர்களே, லண்டன் நகரின் ஹரோவிலிருந்தும் ஈஸ்ட்ஹாமிலிருந்தும் இந்த மழையில் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

"விவாகரத்து" என்ற சொல்லைத் துண்டறிக்கையில் போட வேண்டாம், ஆட்கள் வரமாட்டார்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். போட்டோம், வந்திருக்கிறீர்கள். பின்வரிசைதான் முதலில் நிரம்பியது என்பதையும் கவனித்தேன். பிரியும் பெற்றோர் நடுவே ஒருவரை வைத்துப் பேசித் தீர்க்கும் செலவுக்கு அரசு தரும் 500 பவுண் வவுச்சரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல, மொழிபெயர்ப்பாளர். என் தொழிலில் என்னை அதிகம் திண்டாட வைத்த சொல் மீடியேஷன். அதைச் "சமரசம்" என்று சொன்னால், எதிரே இருக்கும் பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். "திரும்பவும் அந்த வீட்டுக்குப் போகச் சொல்கிறார்களா?" என்கிறார். "மத்தியஸ்தம்" என்றால் இலங்கையில், ஊர்த் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போய் வந்தவர்களுக்கு வேலித் தகராறு நினைவுக்கு வருகிறது. அங்கே போல இங்கும் மூன்று பேர் இருப்பார்களா என்று கேட்கிறார்கள்.

இங்கே பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லமாட்டார். உங்களைச் சேர்த்து வைப்பதும் அவர் வேலை இல்லை. பிரிவது முடிவாகிவிட்டது, இனிப் பிள்ளை எந்த வீட்டில் எத்தனை நாள், பள்ளி விடுமுறை யாரோடு, வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சு சண்டையாக மாறாமல் காப்பதே மத்தியஸ்தரின் தொழில். ஒரே அறையில் இருக்க முடியாதென்றால் இருவரையும் வேறு வேறு அறைகளில் இருத்தி, அவரே மாறி மாறிப் போய் வருவார்.

இப்போது பணம். 2021 மார்ச் 26 அன்று, கோவிட்டால் குடும்ப நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து கிடந்த வேளையில், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நீதி அமைச்சு ஒரு வவுச்சர் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒதுக்கியது பத்து லட்சம் பவுண். பிறகு பலமுறை கூட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 பவுண். ஆளுக்கு 500 அல்ல, இருவருக்கும் சேர்த்து. வருமானம் பார்ப்பதில்லை. பணம் உங்கள் கைக்கு வராது, மத்தியஸ்தரே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்வார். பிள்ளைகள் பற்றிய பிணக்கு இருக்க வேண்டும். பிள்ளை விவகாரத்தோடு சேர்ந்து வந்தால் பணம், சொத்துப் பேச்சுக்கும் கிடைக்கும். வீட்டுப் பங்கு மட்டும்தான் தகராறு என்றால் கிடைக்காது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதலில், மத்தியஸ்தம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க, மத்தியஸ்தரோடு ஆளுக்கொரு தனிச் சந்திப்பு நடக்கும். மியாம் என்று சுருக்கிச் சொல்வார்கள். 2014 ஏப்ரலிலிருந்து, பிள்ளைகள் விடயமாக நீதிமன்றத்தில் மனுப் போடுவதற்கு முன் இதற்குப் போயிருக்க வேண்டும் என்பது சட்டம், சில விலக்குகளைத் தவிர. அந்தச் சந்திப்புக்கான கட்டணத்தை வவுச்சர் தராது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து பேசும் அமர்வுகளுக்குத்தான் தரும். அதுவும் ஓர் அமர்வு, மிஞ்சினால் இரண்டு. 500 பவுணைக் கொண்டு முழுப் பிரிவையும் பேசி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் விலைப்பட்டியலைப் பார்த்ததில்லை.

வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறொன்று இருக்கிறது. அதுதான், அரசே செலவை ஏற்கும் சட்ட உதவி. ஒருவர் தகுதி பெற்றால் அவருடைய மியாமும் அமர்வுகளும் இலவசம். மற்றவருக்கும், அவர் நல்ல சம்பளக்காரராகவே இருந்தாலும், மியாமும் முதல் அமர்வும் இலவசம். இது பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு கதை உண்டு.

2013 ஏப்ரலில் அரசு செலவைக் குறைத்தது. பிரிவு, பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசு செலவில் சட்டத்தரணி வைக்கும் வழி அடைபட்டது. மத்தியஸ்தத்துக்கான சட்ட உதவியை மட்டும் விட்டுவைத்தார்கள். மக்கள் இனி மத்தியஸ்தத்தைத் தேடி வருவார்கள் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. அரசு செலவில் நடந்த மியாம் சந்திப்புகள் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்தன. ஏனென்றால் "முதலில் மத்தியஸ்தரிடம் போய்ப் பாருங்கள்" என்று அனுப்பிவைத்ததே அந்தச் சட்டத்தரணிகள்தான். கிணற்றை விட்டுவைத்தார்கள், கிணற்றுக்குப் போகும் ஒழுங்கையை அடைத்துவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த வவுச்சரை அந்த ஒழுங்கையைத் திறக்கும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன்.

பலன் இருக்கிறதா? வவுச்சரைப் பயன்படுத்திய முதல் 7,200 பேரளவில் ஆராய்ந்தபோது, 69 சதவீதத்தினர் முழுமையாகவோ ஓரளவோ உடன்பாட்டுக்கு வந்ததாக அமைச்சு சொன்னது. நல்ல எண்ணிக்கைதான். ஆனால் வவுச்சருக்கு வந்தவர்கள் பேச ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2023இல் எல்லாரையும் கட்டாயப்படுத்தலாமா என்றுகூட அரசு யோசித்தது. அடுத்த ஆண்டு கைவிட்டது. கைவிட்டதே சரி. அடி வாங்கிய பெண்ணை அடித்தவனோடு பேச உட்கார் என்று எந்தச் சட்டமும் சொல்லக் கூடாது. வீட்டு வன்முறைக்குச் சான்று இருந்தால் மியாமுக்கே போகத் தேவையில்லை.

நம்மவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை எனக்கு முன்பே ஒரு சித்தப்பா மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்திருந்தார். கணவன் ஒரு வாக்கியம் சொன்னால் மனைவிக்கு மூன்று வாக்கியம் போனது. மூன்றாவது வாக்கியம் எப்போதும் சித்தப்பாவுடையது. இன்னொரு வீட்டில் பன்னிரண்டு வயது மகள்தான் தாய்க்கு எல்லாக் கடிதங்களையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள், தன்னை எந்த வீட்டில் விடுவது என்று எழுதிய கடிதம் உட்பட. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் மனதைக் கேட்க, பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் பிள்ளையோடு தனியாகப் பேசும் வழி இங்கே இருக்கிறது. பிள்ளை அங்கே தன் குரலில் பேசட்டும். அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேறு ஆளை வையுங்கள்.

பேசி முடித்ததை மத்தியஸ்தர் எழுதித் தருவார். அது சட்டப்படி யாரையும் கட்டாது. வீடு, ஓய்வூதியம் போன்றவற்றை நீதிமன்ற ஒப்புதலோடு ஆணையாக்கிக்கொள்ள வேண்டும். கைகுலுக்கியதோடு விட்டுவிட்டு, மூன்றாண்டு கழித்துச் சண்டையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துண்டறிக்கையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா மத்தியஸ்தர்களும் இந்தத் திட்டத்தில் இல்லை. தொலைபேசியில் விலை கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: குடும்ப மத்தியஸ்த மன்றத்தில் (ஃபேமிலி மீடியேஷன் கவுன்சில்) பதிவு உள்ளவரா, வவுச்சருக்கு விண்ணப்பிப்பாரா, சட்ட உதவி வேலை எடுப்பாரா?