பழையனூர் நீலியின் வழக்கு

அனைவருக்கும் வணக்கம். பேய்க்கதை வாசகர்கள் இத்தனை பேரை ஒரே அரங்கில் பார்ப்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் இன்று உலகத்துப் பேய்களையெல்லாம் வரிசையாக அழைத்து வரப் போவதில்லை. ஒரே ஊர், அந்த ஊரின் இரண்டு பேய்கள், அவ்வளவுதான். ஊர் திருவாலங்காடு. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டி இருப்பது பழையனூர். 'நீலிக் கண்ணீர் வடிக்காதே' என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோமே, அந்த நீலியின் ஊர்.

நீலி கதை பெரும்பாலோருக்குத் துண்டு துண்டாகத் தெரிந்திருக்கும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வடிவங்கள் பல உண்டு, பரவலாக வழங்குவதைச் சொல்கிறேன்.

முற்பிறவியில் அவள் ஒருவனுக்கு மனைவி. அவன் அவளை நம்பவைத்துக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகக் காத்திருக்கிறாள். பையனுக்குப் பேயால் ஆபத்து என்று தெரிந்ததால் அவன் கையில் ஒரு மந்திர வாள் எப்போதும் இருக்கிறது. அது இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. வியாபாரத்துக்காக அவன் பழையனூர்ப் பக்கம் வருகிறான். பின்னாலேயே ஒரு அழகான பெண் வருகிறாள், இடுப்பில் குழந்தை. வழியில் நின்ற கள்ளியில் ஒரு கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் பயந்து ஊருக்குள் ஓடுகிறான். அவளும் ஊருக்குள் வருகிறாள். நேராக வேளாளர் சபைக்குப் போகிறாள்.

எழுபது பேர் உட்கார்ந்திருக்கிற சபை. அவள் அழுகிறாள். "இவர் என் புருஷன். இன்னொருத்தி மயக்கத்தில் என்னையும் பிள்ளையையும் தெருவில் விட்டுவிட்டு ஓடுகிறார்" என்கிறாள். அவன் கதறுகிறான்: "ஐயா, இவள் பெண்ணே இல்லை, பேய்." சபை யோசிக்கிறது. குழந்தையைக் கீழே விடச் சொல்கிறார்கள். அது தவழ்ந்து போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து அப்பா என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சேர்ந்து வாழுங்கள் என்று தீர்ப்புச் சொல்லி, இரவு தங்க ஒரு இடமும் கொடுக்கிறார்கள். அவள் கடைசியாக ஒன்று கேட்கிறாள்: "அந்த வாளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி என்னை வெட்டிவிடுவார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்." நியாயமான பயம்தானே. வாளை வாங்கிக்கொள்கிறார்கள். அவன் நடுங்குவதைப் பார்த்து, "உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள்.

காலையில் கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குழியில் இறங்கினார்கள்.

இந்தக் கதையில் உங்களுக்கு எந்த இடத்தில் உடம்பு சில்லிட்டது? அவள் கொன்ற இடத்தில் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். எனக்குப் பயம் பிடிப்பது அந்தச் சபையில்தான். பட்டப்பகல். சுற்றிலும் எழுபது நல்ல மனிதர்கள். லஞ்சம் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கு இரங்குகிறார்கள், குழந்தையைச் சாட்சியாகப் பார்க்கிறார்கள், ஆயுதத்தை அகற்றுகிறார்கள், தங்கள் உயிரையே பிணையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு முடிவும் சரி. அந்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை அவன் சாவோடு ஒரே அறையில் அடைத்துக் கதவைச் சாத்துகின்றன. அவன் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கேட்க ஆள் இல்லை.

சரி, அவனுக்காக இரங்குகிறோம். கதையின் முன்பாதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். காட்டில் அவன் கையால் செத்தாளே, அவளுக்குச் சபை ஏது? எழுபது பேர் வேண்டாம், ஒரு ஆள் இருந்தாரா? அவள் எந்த நிலையில் செத்தாளோ அதே நிலையை அவனுக்கு ஊரறிய ஏற்படுத்திக் கொடுக்கிறாள். கழுத்தை நெரிப்பதுதான் அவள் நோக்கம் என்றால் எங்காவது அவன் வாளை வைத்துவிட்டுக் குளிக்க இறங்கும் நேரம் பார்த்திருக்கலாமே. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு விசாரணை. பொய் வழக்குதான் போட்டாள். ஆனால் அந்தப் பொய் வழக்குக்குள் ஒரு பழைய உண்மை வழக்கு கிடக்கிறது. "இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டான்" என்று அவள் சொன்னது ஒரு பிறவிக்கு முந்தைய உண்மை.

நான் இங்கே வந்தது இதைச் சொல்லத்தான். நம் மொழியின் நல்ல பேய்க்கதை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய கேட்கப்படாத வழக்கு இருக்கிறது. அது இல்லாத பேய் திடுக்கிட வைக்கும், அப்புறம் மறந்துபோகும்.

குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் நீலி கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. அதில் கொல்லப்படுகிறவள் ஒரு தாசி. மடியில் தலைவைத்துத் தூங்குகிறவளை நகைக்காக ஒருவன் கொல்கிறான். உயிர் போகும்போது சுற்றுமுற்றும் பார்க்கிறாள். மனித வாடையே இல்லை. பக்கத்தில் ஒரு கள்ளி நிற்கிறது. அந்தக் கள்ளியைச் சாட்சியாகச் சொல்லிவிட்டுச் சாகிறாள். மறுபிறவியில் பழி வாங்க வரும்போது எதைக் குழந்தையாக்கி இடுப்பில் எடுத்து வருகிறாள்? அதே கள்ளியை! சபை குழந்தை என்று நினைத்தது, உண்மையில் அந்தக் கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. வாய் பேசாத சாட்சியைத் தூக்கிக்கொண்டு வந்து சபையில் பேசவைத்துவிட்டாள். இதைக் கட்டிய நாட்டுப்புறப் புலவர் யாரென்று பெயர் தெரியாமல் போனதில் எனக்குத் தீராத வருத்தம். கதைப் பின்னலில் இவ்வளவு இறுக்கம் அச்சில் வந்த கதைகளில்கூட அபூர்வம்.

கதையின் வயதையும் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே, ஒருத்தி வஞ்சப்படுத்தி வாழ்நாளைக் கொண்டதைக் கேட்டு 'அஞ்சும் பழையனூர்' என்று பாடுகிறார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்கு அப்போதே கதை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்தில் எழுபது பேரும் தீக்குழியும் தெளிவாக வந்துவிடுகின்றன. இந்தப் பழையனூரைத்தான் ராஜேந்திர சோழன் ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்தான். புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அந்தக் கொடையைச் சொல்ல எழுந்தவை. பழையனூரில் சாட்சி பூதேஸ்வரர் கோயில் இருக்கிறது. வேளாளர்கள் தீப்பாய்ந்த இடமும் காட்டப்படுகிறது. பேய்க்கதைக்கு முகவரி வேண்டும் என்று எழுத வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. 'ஒரு கிராமத்தில் ஒரு பங்களா' என்று தொடங்கினால் வாசகருக்கு எந்தப் பாதகமும் இல்லை, நிம்மதியாகத் தூங்குவார். வரி கட்டிய ஊர், கோயில் உள்ள ஊர், ரயில் நிற்கிற ஊர் என்றால் தூக்கம் வராது.

அடுத்து, அந்த ஊரின் இரண்டாவது பேய். காரைக்கால் அம்மையார். அவரைப் பேய் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு இல்லை. 'காரைக்காற் பேய்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அவரே.

சேக்கிழார் சொல்கிற வரலாறு உங்களுக்குத் தெரியும். புனிதவதி என்பது அம்மையாரின் இயற்பெயர். அவர் வேண்டியதும் கைக்கு வந்த மாம்பழம், அதைப் பார்த்துப் பயந்துபோன கணவன். அவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் இன்னொரு பெண்ணை மணந்து வாழ்கிறான். உறவினர்கள் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கூட்டிப் போகிறார்கள். அவன் புது மனைவியோடும் பெண் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுகிறான். குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்திருக்கிறான்.

இந்தக் காட்சியையும் பழையனூர்ச் சபையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போன கணவன், தேடிவந்த மனைவி, சுற்றிலும் நியாயம் பேசும் பெரியவர்கள், நடுவில் ஒரு குழந்தை. அங்கே இருந்தது எல்லாமே இங்கேயும் இருக்கிறது. நீலியின் இடுப்பில் பொய்க் குழந்தை, இங்கே தன் பெயரையே சுமந்து நிற்கும் நிஜக் குழந்தை. நீலி, அவன் எனக்கு வேண்டும் என்று வாதாடினாள். புனிதவதி வாதாடவே இல்லை. இவனுக்காகச் சுமந்த இந்தத் தசையை எடுத்துவிடு, உன் திருவடியில் நிற்கும் பேய்வடிவைக் கொடு என்று இறைவனிடம் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார். அப்புறம் அவர் வந்து சேர்கிற இடமும் ஆலங்காடு. அம்மையார் தலையாலே நடந்து வந்தார் என்பதால், அந்த மண்ணைக் காலால் மிதிக்கத் தயங்கி சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்கிறது பெரியபுராணம். ஒரே மண் இந்த இருவரையும் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களைப் பக்திப் பாடலாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். திகில் வாசகர்கள் வேறு கண்ணோடு படிக்க வேண்டும். 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று தொடங்குகிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல். அடுத்த பாட்டில் ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. சிதையிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து மசித்து மையாக்கிக் கண்ணுக்கு எழுதிக்கொள்கிறது. வெடுவெடு என்று சிரிக்கிறது. துள்ளிக் குதித்ததில் பிணம் எரியும் தீ சுட்டுவிடுகிறது, உடனே கோபம் வந்து புழுதியை அள்ளிப்போட்டு அணைக்கிறது. பேய்க்கு அலங்கார ஆசை இருக்கிறது, கோபம் இருக்கிறது, சூடுபட்டால் வலிக்கிறது.

இன்னொரு பாட்டு, என் மனதை விட்டுப் போகாத பாட்டு. ஒரு பேய்த்தாய் நிணத்தை விழுங்கிவிட்டு, மண்டையோட்டு மாலையைப் பூட்டிக்கொண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு வளர்க்கிறாள். பிள்ளை மேல் படிந்த புழுதியைத் துடைக்கிறாள், பால் கொடுக்கிறாள், எங்கோ போகிறாள். போன தாய் திரும்பி வரக் காணாமல் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது. சுடுகாட்டில் ஒரு பேய்க்குழந்தை அம்மாவைக் காணாமல் அழுகிறது. பேய்கள் நடுவிலேயே இருந்து, பேயாகவே இருந்து பார்த்த ஒருவரால்தான் இதை எழுத முடியும். உலகத்தில் எத்தனையோ பேர் பேயைப் பார்த்துப் பயந்ததை எழுதியிருக்கிறார்கள். பேயின் பக்கத்திலிருந்து, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பெண் எழுதியிருக்கிறார். நம் திகில் இலக்கியத்தின் முதல் பெயராக அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக் கதை இருக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் சுடுகாட்டுப் பக்கம் தனியாகப் போய், பேய் ஆடுவதைப் பார்த்து, ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு விழுந்து சாகிறான். பேய் அவனைத் தொடவே இல்லை. தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் போய் என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்று நிற்கிறாள். பாருங்கள், அங்கேயும் ஒரு முறையீடு. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களுக்குக் கூழ் வார்க்கிறார். குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய் எல்லாவற்றுக்கும் பசி. அரசனின் வெற்றியைப் பாடும் நூலில் போர்க்களத்துப் பிணக்குவியலை நாம் கண்கொட்டாமல் பார்க்க நேர்வது இந்தப் பசித்த கூட்டத்தால்தான்.

நவீன கதை என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. நகரத்தில் படித்த, எதையும் நம்பாத எழுத்தாளன் வீட்டுக்குள் நாற்றமும் ஊதுவத்தி வாசனையும் மாறி மாறி வருகின்றன. வேலைக்கு வந்து சேர்கிற பெண் யார் என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியாது. மூக்கில் தொடங்கிய பயம் இது. கதவு கிறீச்சிடுவதையும் திடீர்ச் சத்தத்தையும் மட்டும் நம்புகிறவர்கள், அவர் அந்த வாசனையை எப்படிக் கொண்டுவருகிறார் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

நீலி அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இரண்டு விதமாக ஆனாள். சமணப் புலவர் ஒருவர் அவளை 'நீலகேசி' என்ற காப்பியத்தின் தலைவியாக்கினார். துறவியைப் பயமுறுத்த வந்த பழையனூர் நீலி, அவரிடம் தோற்று, அறம் கேட்டு, பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். சபையில் வாதாடத் தெரிந்தவளுக்கு அந்தப் புலவர் கண்டுபிடித்துக் கொடுத்த வேலை அது. தெற்கே மக்கள் அவளை இசக்கி என்ற அம்மன் ஆக்கினார்கள். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. இசக்கி சிலைகள் பலவற்றில் கையில் குழந்தை இருக்கும். அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்டு அவளிடம்தான் போகிறார்கள்.

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள். மூத்த திருப்பதிகம் இரண்டும் சேர்த்து 22 பாட்டுதான். உரையோடு வாங்கி, வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் அந்தத் தாளம் பிடிபடாது. இன்னொன்று, இங்கே எழுதுகிறவர்களுக்கு. உங்கள் ஊரிலும் ஒரு புளியமரத்துக்கோ கிணற்றுக்கோ ஒரு கதை இருக்கும். சொல்பவர்கள் வயதானவர்கள். அடுத்த விடுமுறையில் போய்க் கேளுங்கள். பேய் எப்படி இருந்தது என்று கேட்டால் வெள்ளைப் புடவை என்றுதான் சொல்வார்கள். அவள் உயிரோடு இருந்தபோது யாரிடம் போய் முறையிட்டாள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால், பெயர்களை மாற்றி, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.