உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

ரஜனி திராணகமவைப் பற்றிப் பேச அழைத்தபோது, எதைப் பேசாமல் விடுவது என்றுதான் முதலில் தீர்மானித்தேன். செப்டெம்பர் வந்தால் அவருடைய மரணத்தைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். 1989 செப்டெம்பர் 21, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சைக்கிள், துப்பாக்கி, வயது 35. இங்கிருக்கும் பலருக்கு இவை மனப்பாடம். அன்று அவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் என்று கேட்டால்தான் தயக்கம் வரும். பரீட்சைக் கடமையை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் அவர். அந்த ஆசிரியரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மருத்துவம் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மருத்துவபீடத்துக்குள் நுழையும் பிள்ளை முதலில் தாண்டவேண்டிய பாடங்களில் கடினமானது உடற்கூற்றியல். அதில் தேறாமல் ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கும் கட்டத்துக்குப் போக முடியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து படித்து முடித்துவிடவும் முடியாது. ஃபோர்மலினில் பதப்படுத்திய உடலைச் சுற்றி ஒரு சிறு குழு நிற்கும். நெடி கண்ணை எரிக்கும். இது நரம்பு, இது நாளம் என்று பிரித்துக் காட்டவும், தப்பாகச் சொன்னால் திருத்தவும் ஒருவர் மணிக்கணக்காகப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்க ஆளில்லையென்றால் அந்த ஆண்டு வந்த மாணவர்கள் அப்படியே தேங்கிவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளில் வைத்தியர் இருக்க மாட்டார். யாழ்ப்பாண மருத்துவபீடம் தொடங்கியது 1978இல். வேர்விடவேண்டிய காலத்திலேயே போர் வந்துவிட்டது. கற்பிக்கக்கூடியவர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரஜனியும் போனவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, மலைப்பகுதியான ஹல்துமுல்லையில் வைத்தியராக வேலை பார்த்து, 1980இல் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளரானார். 1983இல் மேற்படிப்புக்காக லிவர்பூல் சென்றார். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த அந்த ஆண்டில் வெளியேறியவர்களுக்கு வெளியிலேயே தங்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. தங்கியவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. இந்த மண்டபம் நிறைய நாம்தான் இருக்கிறோம். ஆனால் இரண்டு பெண்பிள்ளைகளின் தாயான அவர் 1986இல் திரும்பிப் போனார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. போய், தன் பாடத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன் ஒரு காலம் இருந்தது. விடுதலைப் புலிகளை ஆதரித்தவர் அவர். காயப்பட்டு வந்த போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு விலகினார், வெளிப்படையாகவே விமர்சித்தார். முதல் பாதியை மறைத்துப் பேசுகிறவர்களும் உண்டு, இரண்டாம் பாதியை மறைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் அவர் முழுதாக வேண்டியதில்லை போலும்.

1987 ஒக்டோபரில், அமைதி காக்கவென்று வந்திருந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது பல்கலைக்கழகப் பகுதியே போர்க்களமாயிற்று. அதே மாதம் 21ஆம் திகதி இந்தியப் படையினர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் இறந்தார்கள். மருத்துவ மாணவர்கள் தொழில் பழகும் இடம் அது. இத்தனைக்கும் பிறகு, சேதமடைந்து கிடந்த பல்கலைக்கழகத்தை மறுபடி திறந்தே ஆகவேண்டும் என்று முனைந்த ஆசிரியர்களில் ரஜனி முன்வரிசையில் இருந்தார். இதை ஒரு நிர்வாக வேலை என்று கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தால் அன்றைய இளைஞனுக்கு மிச்சமிருந்தவை ஆயுதமும் விமானமும்தான். அவை இரண்டும் வேண்டாம் என்பவனுக்குப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள். துணிச்சல் என்றால் நமக்குச் சுவரொட்டி ஞாபகத்துக்கு வருகிறது. ஊரடங்குக்கும் சோதனைச் சாவடிக்கும் இடையே நேரத்துக்கு வகுப்புக்குப் போய், பாடத்தை முடித்து, பரீட்சையும் வைப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

வகுப்புக்கு வெளியே செய்தவற்றுக்கு வருகிறேன். போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று உருவான பூரணி பெண்கள் நிலையத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். இந்தியப் படையினரால் சீரழிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதை எழுதினார். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளையை உருவாக்கியவர்களிலும் இருந்தார். அந்த அமைப்பின் பெயரில் ‘ஆசிரியர்கள்’ இருப்பதைக் கவனியுங்கள். போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் இருவர் கணிதவியலாளர்கள், ஒருவர் உளமருத்துவர், நான்காமவர் ரஜனி. வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர்கூட இல்லை; வரலாற்றுத் துறைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது, அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பொதுவேலையும் வகுப்பறை வேலையும் இரண்டு வேறு வாழ்க்கை என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டுமேசையில் மாணவனிடம் கேட்பதைத்தான் அவர் வெளியிலும் செய்தார்: நீ எதைக் கண்டாய், அது எந்த இடத்தில் இருந்தது, அதன் பெயர் என்ன. வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டிலும் கேட்டு, சரிபார்த்து எழுதுவது. சுட்டது இலங்கைப் படையா, இந்தியப் படையா, புலிகளா, வேறு இயக்கமா என்பதற்காக எழுத்தின் தொனி மாறவில்லை. அவர் போன பிறகும், தலைமறைவாக இருந்துகொண்டே, சகாக்கள் அதே முறையில் அறிக்கைகளை எழுதினார்கள். அதற்காக 2007இல், நான் சொன்ன அந்தக் கணிதவியலாளர்கள் ராஜன் ஹூலுக்கும் கோபாலசிங்கம் ஸ்ரீதரனுக்கும், மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

மரணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தியப் படை விலகுவது குறித்து இரு அரசுகளும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டது செப்டெம்பர் 18. மூன்றாம் நாள் அவர் சுடப்பட்டார். செய்தவர்கள் புலிகள் என்று குடும்பத்தினரும் சகாக்களும் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. தன்னைக் கொல்லும் துப்பாக்கி எங்கிருந்து வரும் என்று அவர் முன்கூட்டி எழுதிய வரியைப் படிக்காத நினைவுக் கூட்டம் இல்லை. இன்று ஒரு நாளைக்கு அதை விட்டுவிடுவோம்.

ஏனென்றால் நம்மிடம் இல்லாதது வேறொன்று. அவருடைய அறிக்கைகள் அச்சில் இருக்கின்றன, கடிதங்களின் பகுதிகள் இருக்கின்றன, அவரைப் பற்றிய ஆவணப்படமும் இருக்கிறது. வகுப்பு எப்படி இருந்தது என்று பதிவு எங்கே? ஆங்கிலத்தில் தடுமாறிய கிராமத்துப் பிள்ளையை எப்படித் தூக்கிவிட்டார், வாய்மொழிப் பரீட்சையில் கறாராக இருந்தாரா, கோபம் வந்தால் என்ன சொல்வார்? 1986க்கும் 1989க்கும் இடையில் அவரிடம் படித்தவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதில் இருக்கும் வைத்தியர்கள். இந்த மண்டபத்தில் ஓரிருவர் இருந்தாலும் இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் வந்து என்னைச் சந்தியுங்கள். எழுத நேரமில்லையென்றால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.