மொட்டை மாடிக்கு மேல ஒரு கூரை: ‘மார்க்’ பத்திரிகையின் கதை

[காட்சி: தக்கலை பக்கம், பத்மநாபபுரம் கொட்டாரம். சாரல் மழை. ஓட்டு விளிம்புல இருந்து தண்ணி சொட்டுது.]

வணக்கம். நான் நிக்கிற நிலம் தமிழ்நாடு. பின்னாடி தெரியிற கொட்டாரம், அதாவது அரண்மனை, கேரளத் தொல்லியல் துறையோடது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தாச்சு. கொட்டாரம் மட்டும் அந்தப் பக்கத்துக் கணக்குலயே நின்னுபோச்சு.

பூமுகம்னு சொல்ற முகப்பு மண்டபத்து மரப்படி ஏறினா மந்திரசாலை. ராஜா மந்திரிகளோட ஆலோசனை நடத்தின இடம். ஜன்னல்ல கண்ணாடி கிடையாது, கலர் கலரா காக்காப்பொன் (மைக்கா) தகடு. மரச்சட்டம் வெளிப்பக்கமா சரிஞ்சு நிக்கிறதால காத்து உள்ள வரும், சாரல் வராது. தரையைக் குனிஞ்சு பாருங்க, நம்ம முகம் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைச்சதுன்னு சொல்வாங்க.

இதெல்லாம் பழசு, சரி. புதுசா ஒரு வீடு கட்டணும்னா இதுல எதை எடுத்துக்கிறது, எதை விட்டுடுறது? இந்தக் கேள்வியை இங்கிருந்து ரொம்ப தூரத்துல, பம்பாயில, ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை தூக்கிப் பிடிச்சுது. அதோட பேர் ‘மார்க்’. 1946 அக்டோபர்ல முதல் இதழ். சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்ல.

[திரையில்: ‘மார்க்’ என்ற எழுத்துகள்]

மார்க்னா வழி, மார்க்கம். இங்கிலீஷ்ல எழுதினா அதே எழுத்துகள் (MARG) ‘மாடர்ன் ஆர்க்கிடெக்சுரல் ரிசர்ச் குரூப்’ங்கிறதோட சுருக்கமும்கூட. ஆசிரியர் முல்க் ராஜ் ஆனந்த். அவர் இன்ஜினியரும் இல்ல, ஆர்க்கிடெக்டும் இல்ல, நாவலாசிரியர். ஜே.ஆர்.டி. டாடா கைகொடுத்தார். ரெண்டு ரூம், ஏழு விளம்பரம், இதை வச்சுத்தான் ஆரம்பிச்சாங்கன்னு சொல்வாங்க. கூட நின்னவங்கள்ல ஜெர்மனியில இருந்து வந்து மைசூர் சமஸ்தானத்துல வேலை பார்த்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் ஒருத்தர். பின்னால புவனேஸ்வரத்துக்குத் திட்டம் போட்டவர் அவர்தான். இலங்கையில இருந்து வந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேர், அனில் டி சில்வாவும் மினெட் டி சில்வாவும்.

மினெட்டைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 1918-ல பிறந்த கண்டிக்காரி. பம்பாயில ஆர்க்கிடெக்சர் படிக்கும்போது காந்தி கைதானதை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. இவரும் போனார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுன்னு கேட்டப்போ மாட்டேன்னுட்டார். காலேஜ்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் லண்டன் போய்ப் படிச்சு முடிச்சு, ஊருக்குத் திரும்பிக் கண்டியில ஒரு மலைச்சரிவுல வீடு கட்டினார். கான்கிரீட் உண்டு, கூடவே உள்ளூர் ஓடு, உள்ளூர் நெசவுக்காரங்களோட பாய் நெசவு. அந்த வீட்டைப் பத்தி அவரே எழுதின கட்டுரை 1953-ல மார்க்ல வந்துது. புதுசும் வேணும், ஊரும் வேணும், இதுதான் அவர் பேச்சு. இன்னைக்கு இதுக்கு மாநாடெல்லாம் போடறாங்க. அப்போ தனியாப் பேசிட்டு இருந்த பொம்பளைய ரொம்ப நாள் யாரும் கண்டுக்கலை.

[திரையில்: பம்பாய்த் தீவின் வரைபடம்]

இந்தப் பத்திரிகையோட பலத்துக்குச் சாட்சி 1965 ஜூன் இதழ். கட்டடம், நகரத் திட்டம்னு வேலை பார்த்த சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் மூணு பேரும் பம்பாய்க்கு ஒரு யோசனை சொன்னாங்க. பம்பாய் தெக்கு வடக்கா நீண்ட ஒல்லி ஊர். நம்ம களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஒரே ரோட்டுல கோத்த மாதிரி. ஆபீஸ் எல்லாம் தெக்கு நுனியில. காலையில சனம் மொத்தமும் தெக்கே, சாயங்காலம் மொத்தமும் வடக்கே. இதை இன்னும் நீட்டாதீங்க, கடல் கழிக்கு அந்தப் பக்கம், கிழக்கே ஒரு ஊரை உண்டாக்குங்கன்னாங்க. 1970-ல அதுக்குன்னு சிட்கோ (CIDCO)ங்கிற அரசு நிறுவனம் வந்துது, நவி மும்பைங்கிற அந்தப் புது ஊர் எழும்பிச்சு. ஆனா அரசாங்கத்தோட தலைமையிடமும் அங்க போகணும்னு கேட்டிருந்தாங்க, அது நடக்கல. பாதி வரத்தைத்தான் சாமி குடுத்துது.

இதுக்கு நடுவுல பத்திரிகையும் மெல்லத் திரும்பிடுச்சு. கோயில், சிற்பம், நாட்டியம், துணின்னு கலைப்பக்கம் கூடிக்கிட்டே போச்சு. அழகான இதழ்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனா ‘வீடு எப்படி இருக்கணும்’னு சண்டை போட்ட அந்தக் குரல் சன்னமாச்சுன்னுதான் எனக்குத் தோணுது. பத்திரிகை மும்பையில இருந்து இன்னும் வந்துட்டு இருக்கு.

[காட்சி: மார்த்தாண்டம் பக்கத்துத் தெரு, வீடுகளின் மேல்பக்கம்]

மார்க்கை எங்க ஊர்ல எத்தனை பேர் கையில எடுத்திருப்பாங்க? எங்க பக்கம் வீட்டை மாத்தினது வேற பத்திரிகைகள், பளபளப்புத் தாள்ல வர்ற மலையாள வீட்டு இதழ்கள். எங்க அப்பா களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு கடையில ஒண்ணு வாங்கி, ஒரு பக்கத்தைக் கிழிச்சு, நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுக் கொத்தனார்கிட்ட போனார். ஓட்டுக்கூரை வேண்டாம், இப்படிச் சதுரமா, மேல மொட்டையா வேணும்னு சொன்னார்.

கொத்தனார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “அண்ணாச்சி, படம் நல்லாத்தான் இருக்கு. இடவப்பாதிக்கு இது ஒழுவும், பாத்துக்கிடுங்க.”

அப்பா கேக்கல. எங்களுக்கு இடவப்பாதிங்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மூணாவது வருஷம் படுக்கையறை மூலையில பச்சையாப் பூத்துது. கெமிக்கல் அடிச்சோம், ஓடு பதிச்சோம், தண்ணி வேற மூலையைப் பிடிச்சுது. கடைசியில மொட்டை மாடிக்கு மேல இரும்புக் குழாய் நட்டு, டிரஸ்னு சொல்ற கூரைச் சட்டம் போட்டு, சரிவா ஷீட் இறக்கினோம். கான்கிரீட்டுக்கு ஒரு செலவு, அதுக்குக் குடை பிடிக்க ஒரு செலவு.

இந்தத் தெருவையே பாருங்க. அந்தப் பச்சை வீடு, பக்கத்துல மாடி வீடு, எதிர்ல கட்டிட்டு இருக்கிறது, எல்லாத்துக்கும் கீழ சதுரம், மேல சரிவு. மழை வலுத்தா ஷீட்டுல விழற சத்தத்துல டிவி கேக்காது.

அந்தக் கிழிச்ச பக்கம் இன்னும் அப்பாவோட பத்திரக் கவருக்குள்ள இருக்கு. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மடிப்புல கிழிஞ்சிருக்கு. அந்தப் படத்துல வானம் நல்ல நீலம்.