செஸ் ஆடும் பிள்ளையும் தண்ணீர் பாட்டிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் செஸ் சொல்லித்தரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் வகுப்பு விடும் நேரத்தில் வாசலில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். "போன மாசம் ஆடின ஆட்டத்தை ஒரு மூவ் விடாம சொல்றான். தண்ணி பாட்டிலை மட்டும் தினம் எங்கேயாவது விட்டுட்டு வந்துடறான்." பக்கத்தில் நிற்பவர், "மூளை மொத்தமும் செஸ்ஸுக்கே போயிடுது போல" என்பார். மூளை அப்படித்தான் பங்கு பிரிக்கிறதா?

1973-இல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையை ஐந்து நொடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தால், அவருடைய நினைவும் கற்றுக்குட்டியின் நினைவு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவரிடம் இருப்பது பெரிய ஞாபகசக்தி அல்ல, செஸ்ஸுக்கான ஞாபகம்.

இன்னொரு சோதனை 1980-இல் வந்தது. ஏழு இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லக்கூடிய சாதாரண கல்லூரி மாணவர் ஒருவர், ஒன்றரை வருஷத்துக்கு மேல் பயிற்சி செய்து எண்பதை நெருங்கினார். அவர் ஓட்டப் பந்தயக்காரர். 3, 4, 9, 2 என்று காதில் விழுந்தால், ஒரு மைலை 3 நிமிடம் 49.2 நொடியில் ஓடியதாக மனதில் போட்டுக்கொள்வார். சரி, எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைச் சொன்னால்? பழையபடி ஆறுதான். எண்களில் வளர்ந்தது எழுத்துகளுக்குக் கொஞ்சமும் வரவில்லை. அதே சமயம், எழுத்துகளிடமிருந்து அது எதையும் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை.

ஆகவே அந்தப் பையனின் தண்ணீர் பாட்டிலை செஸ் விழுங்கிவிடவில்லை. வகுப்பு முடிந்து எழுந்திருக்கும்போது அவன் கவனம் தோற்ற ஆட்டத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் ஊன்றி நிற்கும் என்பது கவனத்தின் இயல்பு.

கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வை எழுதியபோது கணக்கில் தேறினார், மற்றவற்றில் தோற்றார். கணித மூளைக்கு வேறு எதற்கும் இடமில்லை என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 1897-இல், பத்து வயது நிறைவதற்குள், ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு எல்லாம் சேர்ந்த தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவரும் அவர்தானே? திறன் இருந்தது. பிறகு மணிக்கணக்கான நேரமும் மனமும் அவருடைய கணக்கு நோட்டுப் புத்தகங்களுக்குப் போய்விட்டன.

மூளையில் விட்டுக்கொடுத்தலே கிடையாது என்றும் நான் சொல்லமாட்டேன். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுடைய மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் பெரிதாகவும் முன்பக்கம் சிறிதாகவும் இருப்பதை மூளை ஆய்வாளர் எலினார் மகுவயரின் குழு 2000-இல் காட்டியது. சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, அதே ஊர் பஸ் ஓட்டுநர்களைவிட இவர்கள் பின்தங்கியதும் பிறகு தெரியவந்தது. நினைவின் ஒரு வேலை பெருத்தபோது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வேலை சற்று இளைத்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய பொது அறிவுத்திறன் குறையவில்லை. அன்றாடக் காரியங்களில் சாதாரணமாகவே இருந்தார்கள்.

அதனால்தான், எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஒரே விளையாட்டில் போடலாமா என்று பெற்றோர் கேட்கும்போது நான் வேண்டாம் என்கிறேன். விட்டுப்போன பாடம் மூளையில் இடமில்லாமல் போவதில்லை. அதற்கென்று உட்கார நேரம் கிடைக்காமல்தான் போகிறது. டாக்ஸி ஓட்டுவதை விட்டு ஓய்வுபெற்ற சிலரைச் சோதித்தபோது, அந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பும் அறிகுறி தெரிந்திருக்கிறது. அவர்கள் வயதிலேயே மூளை இப்படி மாறும் என்றால், எட்டு வயதில் கேட்கவே வேண்டாம்.

நன்றி, வணக்கம்.